ஃபைபர் லேசரை ஒளிக்குழியோடு சுருதி சேர்ப்பது எப்படி: ஆய்வகத்துக்குப் புதிதாக வருவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதலில் கைவைப்பது, லேசரின் விலகலைத் திருத்தும் மின்சுற்றான பின்னூட்டப் பெட்டியின் பெருக்கத் திருகில்தான். லேசர் குழியோடு பூட்டிக்கொள்ளவில்லை என்றால் குற்றம் அந்தப் பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அந்தத் திருகைக் கடைசியாகத் தொடுங்கள். பூட்டு நிற்காமல் போனபோதெல்லாம் நான் தேடிக் கண்டுபிடித்த காரணங்களில் பெரும்பாலானவை ஒளியின் பாதையிலோ வெப்பத்திலோ இருந்தன. பிழைச் சைகை, அதாவது லேசர் குழியிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்று சொல்லும் மின்சைகை, சுத்தமாக வந்துவிட்டால் எளிய மின்சுற்றுகூட லேசரைப் பிடித்து நிறுத்திவிடும். அது அழுக்காக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் உதவாது.

இதை இரண்டு பேரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒருத்தி டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவள். இன்னொருவர் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருப்பவர். இருவரும் ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள். அந்த மேசையில் நடப்பது தமிழிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எதற்காக இவ்வளவு பாடு

எர்பியம் கலந்த இழையில் இயங்கும் 1550 நானோமீட்டர் லேசரின் ஒளி நொடிக்குச் சுமார் 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது. நல்ல ஒற்றை அதிர்வெண் ஃபைபர் லேசரின் கோட்டகலம், அதாவது அந்த அதிர்வெண் பரவியிருக்கும் அகலம், சில கிலோஹெர்ட்ஸ்தான். கேட்பதற்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் அந்த மெல்லிய கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. லேசருக்குள் இருக்கும் இழைத்துண்டு ஒரு பாகை சூடேறினால் கோடு ஏறக்குறைய 1.25 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். மேசையில் ஒரு கோப்பையை வைத்தாலும் அந்த அதிர்வு அதிர்வெண்ணில் தெரியும். ஒளிக் கடிகாரம், நீண்ட தொலைவுக்கு இழைவழியே நேரத்தை அனுப்புதல், மிக நுண்ணிய நீள அளவீடு ஆகியவற்றுக்குக் கோடு அசையாமல் நிற்க வேண்டும்.

அசையாத ஒன்றைக் காட்டி, 'இதோடு ஒட்டி நில்' என்று லேசருக்குச் சொல்வதுதான் ஒத்ததிர்வுக் குழியின் வேலை. எதிரெதிராக நிற்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் பொருந்தினால் மட்டுமே ஒளி உள்ளே தங்கிப் பெருகும். பொருந்தாத ஒளி வாசலிலேயே திரும்பிவிடும். தேவாரம் பாடுகிறவர் சுருதிப் பெட்டியைக் கேட்டபடியே தன் குரலை ஏற்றி இறக்கிச் சேர்த்துக்கொள்வதைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். குழி அந்தச் சுருதிப் பெட்டி, லேசர் குரல், பிழைச் சைகை பாடகரின் காது. காது கூர்மையாக இல்லாத பாடகர் தொண்டையை எவ்வளவு பயிற்றுவித்தும் பயனில்லை.

சுருதிப் பெட்டியே விலகினால் குரலும் அதோடு விலகும் என்பதையும் இப்போதே மனத்தில் வையுங்கள். 10 சென்டிமீட்டர் குழியின் நீளம் 0.5 ஃபெம்டோமீட்டர் மாறினால் ஒளியின் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் மாறும். ஒரு புரோட்டானின் விட்டமே சுமார் 1.7 ஃபெம்டோமீட்டர். இந்தக் கணக்கை முதல்முறை கரும்பலகையில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது. இன்றும் அந்த வியப்பு குறையவில்லை.

எந்தக் குழியில் தொடங்குவது

இரண்டு எண்களை அறிந்தால் ஒரு குழியை அறிந்தது போல. ஒளியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளின் இடைவெளி கிடைக்கும். 10 சென்டிமீட்டருக்கு அது 1.5 கிகாஹெர்ட்ஸ். அந்த இடைவெளியை ஒவ்வோர் ஒத்ததிர்வின் அகலத்தால் வகுத்தால் வருவது ஃபினெஸ். ஃபினெஸ் 10,000 என்றால் அகலம் 150 கிலோஹெர்ட்ஸ். 3 லட்சம் என்றால் 5 கிலோஹெர்ட்ஸ்.

ஆய்வகத்தில் இருப்பதிலேயே உயர்ந்த ஃபினெஸ் உள்ள குழியில் பழக எல்லாருக்கும் ஆசை. வேண்டாம். 3 லட்சம் ஃபினெஸ் உள்ள குழியில் ஒளி 32 மைக்ரோநொடி தங்கும். லேசரின் அதிர்வெண்ணை வேகமாக ஏற்றி இறக்கி அலசினால், உள்ளே தங்கிய பழைய ஒளியும் புதிதாக வரும் ஒளியும் மோதி, ஆசிலாஸ்கோப்பில் ஒரு சிகரத்துக்குப் பின்னால் நடுங்கும் வால் நீளும். மெதுவாக அலசலாம் என்றால், அதற்குள் லேசரே இடம் மாறிவிடும். அழகான பிழைச் சைகையை நீங்கள் கண்ணால் பார்க்கவே முடியாது. 10,000 ஃபினெஸ் உள்ள குழியில் ஒளி தங்குவது ஒரு மைக்ரோநொடிதான். எல்லாம் பாடத்தில் வரைந்தபடியே திரையில் தெரியும். கை பழகிய பிறகு மேலே போங்கள்.

குழியின் உடல் எந்தப் பொருளால் ஆனது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எஃகு ஒரு மில்லிபாகை சூடேறினாலே அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிவிடும். டைட்டானியம் ஆக்சைடு கலந்த மிகக்குறை விரிவுக் கண்ணாடியில் அதே மில்லிபாகைக்கு, மோசமான நிலையிலும், சுமார் 6 கிலோஹெர்ட்ஸ்தான். அறை வெப்பநிலைக்கு அருகே அதற்கு ஒரு சுழி இடமும் உண்டு. அந்த வெப்பநிலையில் அது விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. குழி அங்கே நிற்கும்படி வைப்பதற்கே வெப்பக் கட்டுப்பாடு.

கண்ணும் இணைப்பியும்

1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. விழித்திரையை அடையாமல் முன்பகுதியிலேயே உறிஞ்சப்படுவதால் அதைக் 'கண்ணுக்குப் பாதுகாப்பானது' என்று சிலர் சொல்வார்கள். போதுமான திறன் இருந்தால் அது கருவிழிப்படலத்தைச் சுட்டுவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மேசை மட்டத்துக்குக் குனியாதீர்கள். இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது இணைப்பிகள். பச்சை நிறத் தலை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல நிறத் தலை நேராகத் தேய்க்கப்பட்டது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் நடுவே காற்று இடைவெளி விழுந்து ஒளி குறையும், திரும்பி அடிக்கும், முனைகளும் கெடும். தொடக்கக் காலத்தில் நானே அவசரத்தில் அப்படிச் சேர்த்துவிட்டு, கோடு ஏன் துள்ளுகிறது என்று இரண்டு நாள் தேடினேன். ஒவ்வொரு முறையும் இணைப்பதற்கு முன்னால் முனையைத் துடையுங்கள், நுண்ணோக்கியில் பாருங்கள். லேசருக்கு அடுத்ததாக, ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். குழியிலிருந்து திரும்பும் ஒளி லேசருக்குள் புகுந்தால் பிறகு எதையும் நம்ப முடியாது.

டர்பன் வானிலையோடு வாழ்வது

பிற நாட்டுக் கையேடுகளில் இந்தப் பகுதி ஒரு பத்தியில் முடிந்துவிடும். இங்கே முடியாது.

முதலில் காற்றழுத்தம். குழி திறந்த வெளியில் இருந்தால், ஒரு மில்லிபார் அழுத்த மாற்றம் அதிர்வெண்ணை 50 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்த்தும். குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பெர்க் சரிவிலிருந்து வறண்டு சூடாக இறங்கும் பெர்க் காற்றை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் கம்பளி போட்டுக்கொண்டு வந்தவர்கள் நண்பகலில் வியர்ப்பார்கள். பிறகு தென்மேற்குக் காற்று திரும்பியதும் வெப்பம் சடாரென இறங்கும், அழுத்தம் ஏறும். அத்தகைய நாளில் திறந்த குழி கிகாஹெர்ட்ஸ் கணக்கில் அலையும். ஆகவே குழி வெற்றிடக் கலத்துக்குள் இருக்க வேண்டும். அயனிப் பம்பு போதும். அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வும் இல்லை.

இரண்டாவது ஈரப்பதம். உங்கள் குழியின் சுழி வெப்பநிலை 16 பாகை என்று வந்துவிட்டால் குளிர்விக்க வேண்டியிருக்கும். டர்பன் கோடையில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல நாள்கள் 20 பாகையைத் தாண்டி நிற்கும். குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் வடியும், சன்னலில் பனி படரும், ஒளி சிதறும். குளிர்விப்பு வெற்றிடத்துக்குள் நடக்கட்டும். வெளிச்சுவர் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். வாங்கும் முன்பே சுழி வெப்பநிலை 25 பாகைக்கு மேல் உள்ள குழியைக் கேட்டுப் பெற முடிந்தால் இன்னும் நல்லது. சூடாக்குவது எப்போதும் எளிது.

மூன்றாவது மின்வெட்டு. 2023இல் நாங்கள் பட்டதை மறக்க மாட்டேன். மின்சாரம் போய் வருவது சில மணி நேரம். ஆனால் வெற்றிடத்துக்குள் பல அடுக்குக் கவசங்களுக்கு நடுவே இருக்கும் கண்ணாடி மீண்டும் தன் வெப்பநிலைக்குத் திரும்ப நாள்கணக்கில் ஆகும். ஒரு வாரம் முழுவதும் எங்கள் குழி நிலைக்கு வரவேயில்லை. மின்கலக் காப்பு குறைவாக இருந்தால் வரிசை இது: வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு முதலிடம், அயனிப் பம்புக்கு அடுத்தது, லேசருக்குக் கடைசி. லேசரை மறுபடி பூட்ட ஐந்து நிமிடம் போதும்.

அதிர்வுக்கு, அறைக் குளிரூட்டியின் காற்று மேசைமீது நேராகப் படாமல் திருப்புங்கள். மேசையைச் சுற்றிப் பெட்டி போடுங்கள். கட்டடத்தின் தரைத்தளம் கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒளியைக் குழிக்குள் அனுப்புவது

பொறுமை அதிகம் வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். ஒளி இழையிலிருந்து ஐசோலேட்டர், கட்ட மாடுலேட்டர் (ஒளியலையின் கட்டத்தை மாற்றும் கருவி) வழியாக வெளியே வந்து, லென்ஸ், இரண்டு திருப்புக் கண்ணாடிகள், தளவிளைவுப் பிரிப்பான் (ஒளி அதிரும் தளத்தைப் பொறுத்து அதைப் பிரித்தனுப்புவது), அந்தத் தளத்தைத் திருப்ப உதவும் கால் அலைத் தகடு ஆகியவற்றைக் கடந்து குழியை அடைகிறது. குழியிலிருந்து திரும்பும் ஒளி கால் அலைத் தகட்டை இரண்டாம் முறை கடப்பதால் தளம் 90 பாகை திரும்பி, பிரிப்பானில் பக்கவாட்டில் விலகி, ஒளியை மின்சைகையாக்கும் ஃபோட்டோடையோடில் விழும்.

எங்கள் பயிற்சிக் குழியில் ஒரு கண்ணாடி தட்டை, மற்றது 50 சென்டிமீட்டர் வளைவு ஆரம் உள்ளது. இதற்குக் குழிக்குள் ஒளிக்கற்றையின் இடை, அதாவது அது மிகவும் குறுகும் இடம், தட்டைக் கண்ணாடியின் மேல், 0.31 மில்லிமீட்டர் ஆரம் கொண்டதாக இருக்க வேண்டும். அதற்கேற்ற லென்ஸைக் கணக்கிட்டு வையுங்கள். முதலில் திரும்பும் ஒளியை வந்த வழியே செலுத்துங்கள்; அகச்சிவப்புக் காட்டும் அட்டை இதற்கு உதவும். பிறகு லேசரின் பீசோவுக்கு (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கி அதிர்வெண்ணை நகர்த்தும் துண்டு) முக்கோண அலை கொடுத்து லேசரை அலசுங்கள். குழியின் மறுபக்கம் ஒரு ஃபோட்டோடையோடும், கிடைத்தால் இந்த அலைநீளத்தைப் பார்க்கும் கேமராவும் வையுங்கள்.

திரையில் சிகரங்களின் கூட்டம் ஒன்று தெரியும். அதைப் பார்த்துக் கலங்காதீர்கள், அது உங்களிடம் பேசுகிறது. இந்தக் குழியில் முதன்மைச் சிகரத்திலிருந்து 221 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒரு சிகரம் உயர்ந்து நின்றால் கற்றை கோணலாகவோ விலகியோ நுழைகிறது. திருப்புக் கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். 442 மெகாஹெர்ட்ஸ் தள்ளி உள்ளது உயர்ந்தால் கற்றையின் பருமனோ இடையின் இடமோ தவறு, லென்ஸை நகர்த்துங்கள். இந்த ஒரே குறிப்பைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன். இரண்டு திருப்புக் கண்ணாடிகளையும் மாறிமாறி, ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதாகத் திருகுங்கள். முதன்மைச் சிகரம் மற்றவற்றைப் போல இருபது மடங்கு உயரும்வரை விடாதீர்கள்.

குழிக்குள் அனுப்பும் ஒளி 100 மைக்ரோவாட்டைத் தாண்ட வேண்டாம். கண்ணாடிப் பூச்சு சிறிது ஒளியை உறிஞ்சிச் சூடேறும். திறன் ஏறி இறங்கினால் குழியின் நீளமும் ஏறி இறங்கும்.

பிழைச் சைகை

ஒத்ததிர்வுச் சிகரத்தின் சரிவிலேயே லேசரை நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தலாம். ஆனால் அப்போது லேசரின் திறன் மாறினாலும் அதிர்வெண் மாறியது போலவே மின்சுற்றுக்குத் தோன்றும். உச்சியில் நிறுத்தினால் எந்தப் பக்கம் விலகியது என்று தெரியாது. பவுண்ட் 1946இல் நுண்ணலைகளுக்குக் கண்ட வழியை ஒளிக்குக் கொண்டுவந்து, டிரெவர், ஹால் முதலியோர் 1983இல் வெளியிட்ட முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஈர்ப்பலையைக் கண்டறிந்த லைகோவும் இதே முறையில்தான் தன் குழிகளைப் பூட்டுகிறது. உங்கள் சிறிய மேசையிலும் அதே தந்திரம்தான் நடக்கிறது.

கட்ட மாடுலேட்டருக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் ஒளியின் இருபுறமும் பக்கப்பட்டைகள் முளைக்கும். அவை 150 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வாசலுக்குள் நுழைய முடியாமல் அப்படியே திரும்பும். நடு அலை மட்டும் உள்ளே போய், குழியின் நீளத்தை அறிந்துகொண்டு கட்டம் மாறித் திரும்பும். இரண்டும் ஃபோட்டோடையோடில் மோதுகையில் 20 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு எழுகிறது. மிக்ஸரில் அதை மூல அலையோடு பெருக்கினால், எந்தப் பக்கம், எவ்வளவு விலகல் என்ற செய்தி கிடைக்கும்.

பண்பேற்ற ஆழம், அதாவது மாடுலேட்டர் கட்டத்தை அசைக்கும் அளவு, 1.08 ரேடியன் அளவில் இருந்தால் சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும். மாடுலேட்டரின் அரையலை மின்னழுத்தம் (கட்டத்தை 180 பாகை திருப்பத் தேவையானது) 4 வோல்ட் என்றால் இதற்கு 1.4 வோல்ட் உச்ச வீச்சு தேவை. திரையில் சரிபார்ப்பதும் எளிது: குழியைக் கடந்த ஒளியில் பக்கச் சிகரங்கள் நடுச் சிகரத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். நடுச் சிகரத்திலிருந்து ஒவ்வொன்றின் தூரமும் சரியாக 20 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அதுவே உங்கள் அளவுகோலும் ஆகிறது. அதைக் கொண்டு குழியின் அகலத்தை அளந்து குறித்துவையுங்கள்.

மிக்ஸரில் இரு அலைகளின் கட்டமும் பொருந்த வேண்டும். கட்டம் திருப்பும் கருவி இல்லாவிட்டால் கேபிளின் நீளத்தை மாற்றுங்கள். சாதாரண கோஆக்சியல் கேபிளில் ஒரு மீட்டருக்கு 5 நானோநொடி தாமதம்; 20 மெகாஹெர்ட்ஸில் அது 36 பாகை. நடுச்சரிவு செங்குத்தாகி, இருபுறமும் தலைகீழான சிறு பிரதிகள் தோன்றும்வரை மாற்றிப் பாருங்கள்.

பிறகு லேசரை ஒத்ததிர்விலிருந்து விலக்கி நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பிழைச் சைகையைக் கவனியுங்கள். அது சுழியில் நிற்க வேண்டும். மெல்ல ஏறி இறங்கினால், மாடுலேட்டர் கட்டத்தோடு வீச்சையும் சிறிது மாற்றுகிறது என்று பொருள். இழைக்குள் ஒளியின் தளம் படிகத்தின் அச்சோடு பொருந்தாததே இதற்கு வழக்கமான காரணம். தளம் காக்கும் இழையைப் பயன்படுத்துங்கள், மாடுலேட்டருக்கு முன்னால் தளவிளைவாக்கி ஒன்றைப் போடுங்கள், மாடுலேட்டரின் வெப்பநிலையையும் கட்டுப்படுத்துங்கள். இந்த அரை மணி நேரச் சோதனையைத் தவிர்க்கிறவர்கள் பிறகு வாரக்கணக்கில் வருந்துகிறார்கள்.

இப்போது திருகைத் தொடலாம்

லேசரின் பீசோ நிறைய தூரம் நகர்த்தும், ஆனால் மெதுவானது. சில பத்து கிலோஹெர்ட்ஸில் அதன் சொந்த அதிர்வு குறுக்கிடும். வேகமான திருத்தத்துக்கு, படிகத்தில் ஒலியலையைச் செலுத்தி ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் ஒலி-ஒளி மாடுலேட்டர். அதற்கும் எல்லை உண்டு: படிகத்துக்குள் ஒலி ஒளிக்கற்றையை எட்ட ஒரு மைக்ரோநொடி அளவு ஆகிறது. அந்தத் தாமதம் நூறு, இருநூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பின்னூட்டத்தை விடாது. முதலில் பீசோவை மட்டும் வைத்துப் பூட்டப் பழகுங்கள்.

அலசும் வீச்சைக் குறைத்துக்கொண்டே வந்து நடுச்சரிவைத் திரையின் மையத்தில் நிறுத்துங்கள். அலசலை அணைத்துவிட்டு, மிகக் குறைந்த பெருக்கத்தில் சுற்றை மூடுங்கள். லேசர் பிடிபடாமல் விலகியே ஓடினால் குறி தலைகீழாக இருக்கிறது, மாற்றுங்கள். பிடித்துக்கொண்டால் பெருக்கத்தை மெல்ல ஏற்றுங்கள். ஓரிடத்தில் சைகை சீராக ஊசலாடத் தொடங்கும். அங்கிருந்து பாதியளவுக்கு இறங்கி நில்லுங்கள். அதன் பிறகே, மிஞ்சும் சிறு பிழையையும் சேர்த்துச் சேர்த்துத் திருத்தும் தொகையீட்டுப் பகுதியை இணையுங்கள். கடந்துவரும் ஒளி அசையாமல் ஒரே உயரத்தில் நிற்கும். கேமராவில் ஒற்றை வட்டப் புள்ளி தெரியும். சாட்ஸ்வர்த்துப் பெண் அந்தப் புள்ளியை முதன்முதலாகப் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

பிழைச் சைகையில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இருந்தால் அது மின்தடத்திலிருந்து வருகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகி, தரையிணைப்பு வளையத்தை உடையுங்கள்.

பூட்டு நிலைத்துவிட்டது என்பதற்காகக் கோடு குறுகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சுற்றுக்குள் இருக்கும் பிழைச் சைகை, லேசர் குழியை எவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்கிறது என்பதை மட்டுமே காட்டும். குழியே நடுங்கினால் அது தெரியாது. சில கிலோஹெர்ட்ஸ் அகலத்தை 25 கிலோமீட்டர் இழைச் சுருளில் ஒளியைத் தாமதப்படுத்தி அளக்கலாம். 1 ஹெர்ட்ஸை அப்படி அளக்க 65,000 கிலோமீட்டர் இழை வேண்டும். அது பூமியை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றும். எனவே இரண்டாவது குழி ஒன்றில் இரண்டாவது லேசரைத் தனியாகப் பூட்டி, இரண்டு ஒளிகளையும் ஒரே ஃபோட்டோடையோடில் மோதவிட்டு, எழும் துடிப்பின் அகலத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே தரமானவை, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடுங்குகின்றன என்றால், அந்த அகலத்தை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தது ஒவ்வொன்றின் பங்கு. இரண்டு குழிகளையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் துடிப்பில் அந்த ஆட்டம் தெரியாமல் போய்விடும்.

அளந்த எண்ணோடு அன்றைய அறை வெப்பநிலை, காற்றழுத்தம், மின்வெட்டு நேரம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெர்க் காற்று வீசிய நாளா என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.